கரண்ட் வச்சா கை வந்துருமா?

பக்கவாதம் வந்த வீட்டுக்கு முதல் நாள் போனதும் கேட்கிற கேள்வி எது என்று மதுரையில் பிசியோ வேலை பார்க்கிற யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், எல்லாரும் ஒன்றைத்தான் சொல்வார்கள். "தம்பி, கரண்ட் வைப்பீங்கள்ல?" மெஷின் பெட்டி இல்லாமல் வெறும் பையோடு போய் நின்றால் பாதி மதிப்பு வாசலிலேயே போய்விடும். அடுத்த தெருவில் இன்னாருக்குக் கரண்ட் வைத்துத்தான் கை வந்தது என்று ஒரு கதையும் கூடவே வரும்.

கரண்ட் வைப்பது என்றால், தோலில் பட்டை ஒட்டி லேசான மின்சாரம் கொடுத்துத் தசையைச் சுருங்க வைப்பது. அது ஏமாற்று வேலை இல்லை, நானும் வைக்கிறேன். மணிக்கட்டை மேலே தூக்க வைக்கவும், ஆரம்ப வாரங்களில் தோள் மூட்டு கீழே நழுவாமல் பார்த்துக்கொள்ளவும் அதற்கு ஓர் இடம் உண்டு. ஆனால் ஆள் கட்டிலில் சாய்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருக்க, விரல்கள் பாட்டுக்கு வெட்டி வெட்டி இழுக்க, அரை மணி நேரத்தில் வயரைச் சுருட்டிக்கொண்டு நான் வண்டியை எடுத்துவிட்டால் மீதி நாள் முழுக்க அந்தக் கை என்ன செய்கிறது? மடியில் கிடக்கிறது. துண்டு போட்டு மூடிக்கூட வைத்திருப்பார்கள். நான் எழுத வந்தது அந்த மீதி நாளைப் பற்றி.

"கால் வந்துருச்சு, கைதான் இன்னும் வரல" என்று சொல்லாத வீடு இல்லை. இதற்கு உடற்கூறு சார்ந்த காரணம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அடைபடுவது நடுப் பெருமூளைத் தமனி. கைக்கும் முகத்துக்கும் உரிய மூளைப் பகுதிகள் அதன் ரத்தத்தை நம்பித்தான் இருக்கின்றன, காலுக்கு உரிய பகுதிக்குப் பெரும்பாலும் வேறு தமனியிலிருந்து ரத்தம் வருகிறது. விரல் விரலாகப் பிரித்து அசைப்பதும் காலை ஊன்றுவதைவிட நுணுக்கமான வேலை. இதெல்லாம் நம் கையில் இல்லை. நம் கையில் இருக்கிற இன்னொரு காரணத்தைத்தான் யாரும் பேசுவதில்லை. கக்கூஸ் போக வேண்டுமென்றால் எழுந்து நின்றாக வேண்டும், நின்றால் இரண்டு காலும் வேலை செய்தாக வேண்டும், அந்தக் காலுக்குத் தப்பிக்க வழியே கிடையாது. கைக்கு அப்படி இல்லை. நல்ல கை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. அது போதாதென்று மனைவி, மருமகள், பேத்தி என்று வீட்டில் இன்னும் நாலைந்து ஜோடிக் கைகள்.

எட்வர்ட் டாப் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர். குரங்கின் ஒரு கையிலிருந்து முதுகுத்தண்டுக்குப் போகிற உணர்வு நரம்புகளை மட்டும் வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தார். அசைக்கிற நரம்பு முழுசாக இருக்கிறது, ஆனாலும் குரங்கு அந்தக் கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி என்று நல்ல கையைக் கட்டிப்போட்டார். சாப்பாடு வேண்டுமே, செத்ததாகக் கிடந்த கை நீண்டது. ஆரம்பத்தில் அந்தக் கையை நீட்டி நீட்டித் தோற்றுப்போய், கீழே போட்டு, விழுந்து, 'இது உதவாது' என்று குரங்கு பழகிக்கொண்டிருக்கிறது. பிறகு கொஞ்சம் முடிகிற நிலை வந்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை என்பது டாப் சொன்ன விளக்கம். முடியாததால் விட்டது ஒன்று, விட்டதால் முடியாமல் போனது இன்னொன்று.

1981இல் மேரிலாண்டில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் இருந்த அவருடைய ஆய்வகத்துக்குள் விலங்குரிமைக்காரர் ஒருவர் உதவியாளராகச் சேர்ந்து, அங்கிருந்த 17 குரங்குகளின் நிலையைப் படமெடுத்து போலீசில் கொடுத்துவிட்டார். பெரிய வழக்கு. கீழ்க் கோர்ட்டில் டாப் குற்றவாளி, 1983இல் மேல்முறையீட்டில் அது ரத்து. அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு கலங்கும், அந்தக் கூண்டுகள் விஷயத்தில் அவருக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அலபாமா பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு மனிதர்களிடம் அவர் செய்து பார்த்ததை ஒதுக்கிவிட்டு இன்று கைக்கு வைத்தியம் பேச முடியாது. நல்ல கையில் ஒரு தடித்த கையுறையை மாட்டிவிடு, பாதித்த கையால் நிஜ வேலைகளைச் செய்ய வை, வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கஷ்டமாக்கு. 1993இல் ஒன்பதே பேரை வைத்து முதல் கட்டுரை வந்தது.

அதைப் பெரிய அளவில் சோதித்தது எக்சைட் என்ற ஆய்வு. அமெரிக்காவில் ஏழு இடங்கள், 222 பேர், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் கையுறை, வார நாட்களில் தினமும் 6 மணி நேரம் வரை பயிற்சி. 2006இல் முடிவு வந்தது. பென்சில் எடுப்பது, சாவி திருப்புவது மாதிரி வேலைகளுக்கு ஆன சராசரி நேரம் ஓராண்டில் 19.3 விநாடியிலிருந்து 9.3 விநாடியாக இறங்கியிருந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 24லிருந்து 17.7. இரண்டு வாரப் பயிற்சிக்கு ஓராண்டு கழித்தும் இப்படி ஒரு வித்தியாசம் நிற்பது எங்கள் துறையில் அடிக்கடி நடக்கிற சங்கதி இல்லை.

ஆனால் யாரைச் சேர்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மணிக்கட்டையும் கட்டைவிரலையும் இன்னும் இரண்டு விரல்களையும் குறைந்தது 10 டிகிரியாவது விரிக்க முடிந்தவர்களைத்தான் எடுத்தார்கள். துளியும் அசைவில்லாத கைக்காரரின் நல்ல கையைக் கட்டிப்போட்டால் அதற்குப் பெயர் வைத்தியம் இல்லை, கொடுமை. யூடியூபில் பார்த்துவிட்டு "நல்ல கையைக் கட்டிவிடலாமா?" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, விரலை எவ்வளவு விரிக்கிறார், வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்பதுதான்.

சரி, மதுரை வெயிலில் நாளெல்லாம் கையுறையா? வைகாசி மாதம், ஓட்டு வீடு, கரண்ட் போய்விட்டால் விசிறிகூட நல்ல கையில்தான் பிடிக்க வேண்டும். யாரும் மாட்ட மாட்டார்கள். அமெரிக்கக்காரர்களே அவ்வளவு நேரம் மாட்டச் சிணுங்கியதால்தான் ஸ்டீபன் பேஜ் என்பவர் அதைச் சுருக்கினார். வாரம் மூன்று நாள் அரை மணி நேரப் பயிற்சி, வார நாட்களில் தினமும் 5 மணி நேரம் மட்டும் நல்ல கைக்கு ஓய்வு, பத்து வாரம். இதை நம் வீடுகளுக்குப் பொருத்த முடிகிறது. அடுப்பில் சட்டி பிடிக்கிற பஞ்சு வைத்த கையுறை போதும். நடக்கும்போதும் படி ஏறும்போதும் கழற்றிவிட வேண்டும், விழப்போனால் பிடித்துக்கொள்ள நல்ல கை வேண்டும். சூடான சாமான் பக்கத்தில் இருக்கும்போதும் வேண்டாம்.

இனி ஓர் ஆளைப் பற்றிச் சொன்னால்தான் புரியும். சிம்மக்கல் பக்கம் ஒரு டீக்கடை மாஸ்டர். பெயரும் தெருவும் வேண்டாம், அடையாளம் தெரியக்கூடாது என்று சிலதை மாற்றியும் எழுதுகிறேன். வலது பக்கம் விழுந்து சில மாதம் ஆகியிருந்தது. நான் போனபோது கம்பை ஊன்றாமலே நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வலது கை மட்டும் முழங்கை மடங்கி, வயிற்றோடு ஒட்டி, விரல்கள் சுருண்டு கிடந்தது. "அண்ணே, கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?" என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டி முடிக்கவில்லை, உள்ளேயிருந்து மதினி செம்போடு ஓடி வந்து வாயில் வைக்கப் போய்விட்டார்.

"கொடுக்காதீங்க மதினி. முன்னால வச்சுட்டுத் தள்ளி நில்லுங்க."

"பாவம் தம்பி, மேலெல்லாம் ஊத்திக்குவாரு."

"ஊத்திக்கட்டும், சட்டைதானே நனையும்."

அவர் செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இடது கையால் எடுத்துக் குடித்தார். வலது கை தோளில்கூட அசையவில்லை. அப்புறம் அதே வலது கையைத் தூக்கச் சொல்லி, விரிக்கச் சொல்லிப் பார்த்தால் தோள் பாதி தூரம் வருகிறது, மணிக்கட்டு கொஞ்சம் நிமிர்கிறது, விரல்கள் மெதுவாக, வேண்டா வெறுப்பாகத் திறக்கின்றன. கையில் சரக்கு இருக்கிறது, கேட்பார் இல்லை.

என்ன வேலை செய்ய ஆசை என்று கேட்டேன். பேசுவது அவருக்குக் கொஞ்சம் குழறும், அதனால் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி இறக்கிக் காட்டினார். டீ ஆற்றுகிறார். "நுரை... கட்டணும் தம்பி" என்றார்.

டீ ஆற்றுவதை வைத்தே எல்லாவற்றையும் செய்யலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. தோள் தூக்க வேண்டும், முழங்கை நீள வேண்டும், மணிக்கட்டு சாய வேண்டும், விரல்கள் பிடித்த பிடியை விடக்கூடாது, இரண்டு கையும் கண்ணும் ஒரே தாளத்தில் போக வேண்டும். இவ்வளவையும் தனித்தனி எக்சர்சைஸாகச் சொல்லிக்கொடுத்தால் இரண்டாம் நாள் சலித்துவிடும். முதலில் வெறும் எவர்சில்வர் டம்ளர். மேஜையில் இருப்பதைப் பிடிப்பது, ஒரு சாண் தள்ளி வைப்பது, விடுவது. விடுவதுதான் கஷ்டம். பிடித்துவிடுகிறார், பிறகு விரல் திறக்காமல் டம்ளரோடு கை திரும்பி வருகிறது. அவசரப்பட்டு இழுத்தால் இன்னும் இறுகும். மூச்சு விட்டுக் காத்திருந்தால் சுண்டுவிரல் பக்கமிருந்து ஒவ்வொன்றாக நெகிழும், கடைசியில் கட்டைவிரல்.

பிறகு டம்ளரில் துவரம் பருப்பு. இடது கை மேலே இருந்து ஊற்றும், வலது கை கீழே ஆடாமல் பிடித்தால் போதும். அது சுலபமான பாதி. சில நாள் கழித்து மாற்றினோம், வலது கை மேலே. அங்கேதான் உடம்பு திருட்டுத்தனம் பண்ணும். தோளைத் தூக்குவதற்குப் பதில் முதுகை இடது பக்கம் சாய்த்து, மொத்த உடம்பையும் தூக்கிக் கையை மேலே கொண்டு போய்விடுவார், பார்க்கிறவர்களுக்குக் கை உயர்ந்த மாதிரியே இருக்கும். மதினியின் பழைய சேலையை மடித்து மார்போடு நாற்காலி முதுகில் கட்டிவிட்டேன். உடம்பை இப்படி நிறுத்தி வைத்துக் கையை எட்டப் பழக்கினால் முழங்கை கூடுதலாக நீள்கிறது என்று கனடாவில் மிண்டி லெவின் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். கட்டியதும் அண்ணனுக்குக் கோபம். உயரம் பாதியாகக் குறைந்துவிட்டதே! ஆனால் அந்தப் பாதிதான் அவர் கை.

பருப்பு தரையெல்லாம் சிதறியது. "இந்த விலைக்கு விக்கிற பருப்பைப் போயி..." என்று மதினி முனக ஆரம்பித்ததும் மக்காச்சோளத்துக்கு மாறினோம். அப்புறம் பச்சைத் தண்ணீர், மார்பு உயரம் வரை. ஜபம் எண்ணுவதற்காக விரலில் மாட்டிக்கொள்கிற சின்ன கவுண்ட்டர் ஒன்று கோயில் பக்கத்துக் கடைகளில் கிடைக்கிறதே, அதை அவர் பேத்தியிடம் கொடுத்து எண்ணச் சொல்லியிருந்தேன். அந்தப் பிள்ளை மாதிரி கறாரான ஆளை நான் பார்த்ததில்லை, கீழே சிந்தினால் கணக்கில் சேர்க்காது.

எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. கேத்தரின் லாங் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 பிசியோ அமர்வுகளைப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணி 2009இல் வெளியிட்டார்கள். கைக்கு உருப்படியான வேலை கொடுத்த அமர்வுகளில் அந்தக் கை சராசரியாக அதைச் செய்தது 32 தடவை. ஒரு அமர்வுக்கு 32! மூளை தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்வதைக் காட்டிய விலங்கு ஆய்வுகளில் தினமும் நூற்றுக்கணக்கில் செய்ய வைத்திருந்தார்கள். நாம் வீட்டுக்கு வந்து கையை நாலு தடவை மடக்கி நீட்டிவிட்டுப் போவதற்கு அந்த 32 தேவலை.

அப்படியானால் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போனால் கை வந்துவிடுமா? அதே லாங் அதையும் சோதித்தார், 2016இல் முடிவு வந்தது. பக்கவாதம் வந்து ஆறு மாதம் தாண்டிய 85 பேர், எட்டு வாரத்தில் சிலருக்கு மொத்தம் 3200 தடவை, சிலருக்கு 6400, சிலருக்கு 9600, இன்னும் சிலருக்கு முடிகிற வரை. எல்லாருக்கும் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது, ஆனால் அதிகம் செய்தவர்களுக்கு அதிகம் என்று வரவில்லை. அதைவிட உறைக்கிற விஷயம் அடுத்த ஆண்டு வந்தது. அந்த ஆட்களின் மணிக்கட்டில் வாட்ச் மாதிரி ஒரு கருவியைக் கட்டி வீட்டில் கை எவ்வளவு அசைகிறது என்று பதிவு செய்திருந்தார்கள். பயிற்சிக் கூடத்தில் கையின் திறமை கூடியிருக்கிறது. வீட்டில் அந்தக் கையின் புழக்கம் கூடவில்லை.

இதை முதலில் படித்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் ஏதும் இல்லை, என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். என் முன்னால் டம்ளரைத் தூக்குவார்கள், நான் செருப்பு மாட்டுவதற்குள் இடது கையால் செல்லை எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் டாப் குழுவினர் கையுறையைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்கிறார்கள். இன்னின்ன வேலையை இந்தக் கையால்தான் செய்வேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது, தினமும் செய்தீர்களா என்று 30 கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவது, முடியாமல் போன வேலைக்கு வழி கண்டுபிடிப்பது. அந்த 30 கேள்வியில் லைட் சுவிட்ச் போடுவது, சட்டைப் பொத்தான் மாட்டுவது எல்லாம் சரி, பாதி சாண்ட்விச் சாப்பிடுவதும் இருக்கிறது. நான் அதையெல்லாம் எடுத்துவிட்டு நம் பட்டியல் போடுகிறேன். தயிர்சாதம் பிசைவது, வேட்டி மடித்துக் கட்டுவது, விபூதி எடுத்துப் பூசுவது, கொடியில் துணிக்கு கிளிப் போடுவது, பூட்டில் சாவி, பஸ்சில் கம்பியைப் பிடிப்பது. அவரவர் நாளில் எது தானாக வருமோ அது மட்டும். எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவேன், ஃபிரிட்ஜ் இல்லையென்றால் காலண்டர் அட்டையில்.

சாப்பாட்டைப் பற்றித் தனியாக ஒன்று. வலது கை விழுந்தவர்கள் கல்யாண வீட்டுப் பக்கமே போகாமல் நின்றுவிடுகிறார்கள், பந்தியில் இடது கையால் சாப்பிடுவதை நாலு பேர் பார்ப்பார்களே என்று. அந்த வெட்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டில் ஒரு வேளை, மத்தியானம் மட்டும், குழைந்த சாதத்தை வலது கையால் பிசைந்து எவ்வளவு வாய்க்குப் போகிறதோ அவ்வளவு, மீதிக்கு ஸ்பூன் என்று வைத்துக்கொண்டால் விரல்கள் விரிந்து குவிகிற பயிற்சி அதிலேயே கிடைத்துவிடுகிறது. இடது கை விழுந்தவர்கள் பாடு வேறு. "சோத்தாங்கை நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டுக்காரர்களே அந்தக் கையைக் கைகழுவிவிடுவார்கள், நடை வந்ததும் பிசியோவை நிறுத்திவிடுவார்கள்.

அப்படியானால் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கத் தோன்றும். இந்தியாவிலேயே அதைச் சோதித்திருக்கிறார்கள். அட்டெண்ட் என்ற ஆய்வு, 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள், குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னார்கள். 2017இல் முடிவு. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் உதவியிலேயே இருப்பவர்களும் சேர்ந்து, குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்த பக்கமும் 47 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த பக்கமும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை. என்னைப் போல வீட்டை நம்பிப் பேசுகிறவர்கள் இந்த ஆய்வைச் சொல்லாமல் தாண்டிப்போவது நியாயமில்லை. அதில் அளந்தது கையை இல்லை, ஆள் மொத்தமாக எழுந்து நடமாடுகிறாரா என்பதை. குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுத்ததும் கையை மட்டும் குறிவைத்து இல்லை. அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்று உறுதி, "தினமும் எக்சர்சைஸ் பண்ணுங்கம்மா" என்று மனைவி தலையில் கட்டிவிட்டுப் போவது வேலைக்கு ஆகாது. அந்த அம்மா ஏற்கெனவே சமைத்து, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, பூ விற்கவோ இட்லி விற்கவோ போய் வருகிறவர். நான் அவரிடம் கேட்பது இன்னொரு வேலையை இல்லை, செய்கிற வேலையில் பாதியை நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதைத்தான். பொத்தானை அவரே மாட்டட்டும், பத்து நிமிடம் ஆனால் ஆகட்டும்.

எப்போது தொடங்குவது? நாட்கள் போகப் போகக் கஷ்டம்தான், அதற்காக முதல் வாரத்திலேயே போட்டு வாட்டுவதும் கூடாது. 2009இல் வந்த வெக்டர்ஸ் ஆய்வில் 52 பேரை ஆரம்ப நாட்களிலேயே பயிற்சியில் இறக்கினார்கள். அதிக நேரம் கடுமையாகப் பயிற்சி பெற்றவர்களின் கைகள்தான் மூன்று மாதத்தில் பின்தங்கியிருந்தன. அதே குழுவின் 2021 ஆய்வில் 72 பேர், கூடுதலாக 20 மணி நேரப் பயிற்சி, சிலருக்கு முதல் மாதத்தில், சிலருக்கு இரண்டு மூன்று மாதத்தில், சிலருக்கு ஆறு மாதம் கழித்து. இரண்டு மூன்று மாதத்தில் பெற்றவர்களுக்குத்தான் அதிகப் பலன். ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு அந்த 20 மணி நேரம் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் லண்டனில் குவீன் ஸ்கொயரில் 224 பேருக்கு மூன்று வாரத்தில் 90 மணி நேரம் கொடுத்தபோது, ஒன்றரை வருஷம் ஆனவர்களுக்கும் கை தேறியது, ஆறு மாதம் கழித்தும் நின்றது. எனவே "ஆறு மாசம் ஆச்சுல்ல, இனி வராது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொஞ்சத்தில் வராது என்பதுதான் சரி.

ஆரம்பத்திலேயே ஓரளவு கணிக்கவும் முடியும். நெதர்லாந்தில் செய்த ஆய்வில், பக்கவாதம் வந்த மூன்று நாளுக்குள் விரலைக் கொஞ்சம் விரிக்கவும் தோளைப் பக்கவாட்டில் கொஞ்சம் தூக்கவும் முடிந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் கை ஓரளவாவது உதவுவதற்கு 98 சதவீத வாய்ப்பு, இரண்டும் முடியாதவர்களுக்கு 25. அந்த இருபத்தைந்தை நான் வீட்டில் எண்ணாகச் சொல்வதில்லை. வேலையைத்தான் அதற்கேற்ப மாற்றுகிறேன். அசைவே இல்லாத கைக்குக் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, நல்ல கை அசைவதைப் பார்த்தால் விழுந்த கை அசைவது போலத் தெரியும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன வி.எஸ்.ராமச்சந்திரன், கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வருகிற வலிக்காகத் தொடங்கியது இது. 1999இல் அவரும் சேர்ந்து ஒன்பது பக்கவாத நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள், இன்று 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஓரளவு பலன் உண்டு என்று தெரிகிறது. பீரோக் கண்ணாடியெல்லாம் வேண்டாம், டவுன்ஹால் ரோட்டில் ஒரு சதுரக் கண்ணாடி வாங்கி ஓரத்தில் டேப் ஒட்டிக்கொண்டால் ஆயிற்று.

இனி நான் சண்டை போடுகிற இரண்டு சாமான்கள். ஒன்று, கதவு நிலையில் மாட்டுகிற கப்பிக் கயிறு. நல்ல கையால் இழுத்தால் விழுந்த கை மேலே போகும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அதனாலேயே எல்லா வீட்டிலும் தொங்குகிறது. தோள்பட்டை எலும்பு கூடவே சுழலாமல் கை மட்டும் மேலே இழுபட்டால் உள்ளே இருக்கிற தசைநார் நசுங்கும். 1990இல் ஒரு சிறிய ஆய்வில் கப்பி இழுத்தவர்களில் 62 சதவீதம் பேருக்குத் தோள் வலி வந்தது, பிசியோ பிடித்துத் தூக்கியவர்களில் 8 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் அமெரிக்க வழிகாட்டி நெறிகளிலேயே கப்பி வேண்டாம் என்று இருக்கிறது. தோள் வலி வந்த கையை அப்புறம் யார் சொன்னாலும் அவர் தூக்க மாட்டார். கழற்றிக் கிணற்றடியில் போடுங்கள்.

இரண்டாவது, அந்த மஞ்சள் சிரிப்புப் பந்து. விரல் ஏற்கெனவே மடங்கி இறுகிக் கிடக்கிறது, அதை நாள் முழுக்க இன்னும் அமுக்கி என்ன சாதிக்கப் போகிறோம்? நமக்கு வேண்டியது திறப்பது. பந்தை அமுக்காமல் எடுத்துக் கூடையில் போடச் சொல்லுங்கள், அது பயிற்சி.

புறா ரத்தம் தேய்ப்பதைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். மேலூர் பக்கத்து வீடு ஒன்றில் போன வாரம்கூடப் பார்த்தேன். அதனால் கை வராது, ஆனால் தேய்க்கிற அத்தையிடம் சண்டை போட்டு நான் கண்ட பலன் ஏதும் இல்லை. தேய்த்து முடித்ததும் அதே கையால் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.

டீ மாஸ்டர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். தலைக்கு மேலே தூக்கி ஆற்றுகிற பழைய உயரம் வரவில்லை, வரும் என்று நான் வாக்கும் கொடுக்கவில்லை. வீட்டில் நெஞ்சு உயரத்துக்கு ஆற்றி மதினிக்கு ஒரு டீ போட்டுக் கொடுக்கிறார், சர்க்கரை மட்டும் கூடுதல். கடையில் வேறு மாஸ்டர், இவர் கல்லாவில். சில்லறையை வலது கையால்தான் எடுத்துக் கொடுப்பார், ஐந்து ரூபாய்க் காசைக் கிண்ணத்திலிருந்து கிள்ளி எடுக்க நேரமாகும், டீ குடித்தவர்கள் நின்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவசரக்காரர்களை ஜிபே பண்ணச் சொல்லிவிடுகிறார்.

கடைசியாக, வசதி இல்லை, பிசியோவுக்குக் கொடுத்துக் கட்டாது என்கிறவர்களுக்கு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ பார்ப்பதும் உண்டு, பலருக்குச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொடுப்பது மட்டும்தான் தெரிகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துவிடுங்கள். அவர்களுக்கு ஏகப்பட்ட வீடு, தினமும் வர முடியாது. அதனால் வருகிற அன்று, அடுத்த தடவை வரும்வரை இந்தக் கையால் என்னென்ன வேலை செய்யலாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அப்போது வீட்டில் சோறு ஊட்டிவிடுகிறவர் யாரோ அவரும் கட்டாயம் பக்கத்தில் இருக்கட்டும்.